நம்பி ஒப்படைக்கக்கூடியவர்

(ஹைதராபாத் அமீர்பேட்டில் மென்பொருள் பயிற்சி பெறும் தமிழ் இளைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்து, எஸ்.ஆர். நகரிலும் மதுரா நகரிலும் ஹாஸ்டல் அறைகளில் நாலைந்து பேராகத் தங்கி, காலையில் ஜாவா, மாலையில் டெவ்ஆப்ஸ் என்று படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள். நிறுவனங்களில் ஆளெடுக்கும் பொறுப்பில் உள்ள சிலரும் வந்திருக்கிறார்கள். வேலை தேடுகிறவர்களுக்கும் வேலை கொடுக்கிறவர்களுக்கும் சேர்த்தே இன்று பேசப்போகிறேன். ஒரு தரப்புக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போனால் இந்தப் பேச்சு பாதிதான் உண்மையாக இருக்கும்.

அமீர்பேட்டில் கற்றுக்கொடுக்காத கணினிப் பாடம் இல்லை. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் தேதியைத் தவறாகப் புரிந்துகொள்ளும் என்று உலகமே பயந்து ஆள் தேடிய காலத்தில் இங்கே மெயின்ஃபிரேம் வகுப்புகள் நிரம்பின. பிறகு ஜாவா, டாட்நெட், ஆரக்கிள், டெஸ்டிங் என்று வந்து, இப்போது கிளவுடும் டேட்டா சயின்ஸும் ஏ.ஐ.யும் ஆகிவிட்டது. மைத்ரிவனத்திலும் ஆதித்யா என்கிளேவிலும் சுவரே தெரியாத அளவுக்குப் பயிற்சி நிலையங்களின் பலகைகள். 1998 நவம்பரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டு ஹைடெக் சிட்டி எழுந்த நாளிலிருந்து, படிப்புக்கு அமீர்பேட், வேலைக்கு ஹைடெக் சிட்டி என்று இந்த நகரத்தில் ஒரு வழி உருவாகிவிட்டது. மெட்ரோவின் நீலப் பாதையில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் அங்கே இறங்கிவிடலாம். ஆனால் அந்தப் பயணத்துக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள்.

‘பாடம் தெரிகிறது, கோடு எழுத வருகிறது, ஆனாலும் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறார்கள்?’ இது உங்களில் பலர் மனத்தில் ஓடும் கேள்வி என்று எனக்குத் தெரியும். நேர்காணல் மேஜையின் அந்தப் பக்கத்தில் பல வருடங்கள் உட்கார்ந்தவன் என்ற முறையில், நீங்கள் அறையை விட்டு வெளியே போன பிறகு உள்ளே என்ன பேசுவோம் என்பதைச் சொல்கிறேன். டெக்னிக்கல் ரவுண்டில் தேறியவர்கள் மூன்று பேர், இடம் ஒன்று என்றால், அதற்குப் பிறகு ஜாவாவைப் பற்றிப் பேச்சே எழாது. வார்த்தைகள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றுதான்: இவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாமா?

நேர்மை, பொறுப்பு, கற்கும் மனம், சேர்ந்து உழைக்கும் குணம் என்று நிறுவனங்கள் விளம்பரத்தில் அடுக்குகிற பட்டியல் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவைதான். சொல்வது உண்மையா என்பது நேர்மை. சொன்னதைச் செய்து முடிப்பாரா என்பது பொறுப்பு. சிக்கிக்கொண்டால் நேரத்தோடு வாய் திறப்பாரா என்பது தெளிவு. அந்த வேலை யாருக்காக நடக்கிறதோ அவரை நினைத்துப் பார்ப்பாரா என்பது அன்பு. இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இது புதிய கேள்வியும் இல்லை. திருக்குறளில் 51ஆம் அதிகாரம் தெரிந்து தெளிதல், 52ஆம் அதிகாரம் தெரிந்து வினையாடல். ஒருவரை எப்படி ஆராய்ந்து நம்புவது, நம்பியவரை எந்த வேலையில் எப்படி அமர்த்துவது என்று 20 குறட்பாக்கள் முழுக்க ஆளெடுப்பதைப் பற்றியே பேசுகின்றன. வேலையில் அமர்த்தத் தக்கவனிடம் வள்ளுவர் எதிர்பார்ப்பவை நான்கு: அன்பு, அறிவு, தடுமாறாத தெளிவு, பேராசை இல்லாமை. அறிவுக்கு முன்னால் அன்பை வைத்திருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு சோதித்து எடுத்தாலும் வேலை கைக்கு வந்த பிறகு மாறிவிடுகிறவர்கள் பலர் என்றும் எச்சரிக்கிறார். ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவர் செய்யும் செயலே உரைகல் என்பது அவர் முடிவு. நேர்காணலில் பேசும் பேச்சைவிடச் செய்துகாட்டிய வேலைக்கு எடை அதிகம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

முதலில் நேர்மை. அமீர்பேட்டில் நின்றுகொண்டு நேர்மையைப் பற்றிப் பேசினால் ஒரு விஷயத்தைத் தொடாமல் போக முடியாது. ‘ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று நீங்களே சொல்லும் வியாபாரம் அது. காகிதத்தில் மட்டும் இருக்கும் ஒரு கம்பெனியின் பெயரில் ஆஃபர் லெட்டர், மாதாமாதம் சம்பளச் சீட்டு, கடைசியில் ரிலீவிங் லெட்டர் என்று மூன்று வருட அனுபவத்தை ஒரே உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். சரிபார்க்க யாராவது போன் செய்தால் பதில் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் நேர்காணலில் பேசும் ‘பிராக்ஸி’ வேலையும் நடக்கிறது. ஊரில் அப்பா கடன் வாங்கிப் பணம் அனுப்புகிறார், படித்து முடித்து இரண்டு வருடம் ஓடிவிட்டது, ஃப்ரெஷர் என்று சொன்னாலே ரெஸ்யூமைப் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு கன்சல்டன்சிக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ‘எல்லாரும் இப்படித்தான் போறாங்க’ என்று சொன்னால் மனம் ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை.

ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மாட்டிக்கொள்வீர்கள் என்பது முதல் காரணம். 2014 முதல் வருங்கால வைப்பு நிதிக்கு ஒவ்வொருவருக்கும் யு.ஏ.என். என்ற ஒரே 12 இலக்க எண் இருக்கிறது. எந்த நிறுவனம் எந்த மாதத்திலிருந்து உங்கள் பெயரில் பணம் கட்டியது என்பது அதில் பதிவாகிவிடும். பின்னணிச் சரிபார்ப்புக்கு வருகிறவர்கள் இன்று கடிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைத்தான் கேட்கிறார்கள். 2022 நவம்பரில் அக்சென்ச்சர் நிறுவனம், இந்தியாவிலும் இலங்கையிலும் போலி நிறுவனங்களின் ஆவணங்களையும் அனுபவக் கடிதங்களையும் காட்டி வேலை பெற்றவர்களைக் கண்டறிந்ததாக வெளிப்படையாக அறிவித்தது. சேர்ந்து மாதங்கள் கழித்துக்கூட வெளியே அனுப்பப்படலாம். அப்படி வெளியேறிய பிறகு அடுத்த நேர்காணலில் சொல்ல உங்களிடம் மீதி ஒன்றும் இருக்காது.

இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. ஒரு பொய்யை ஒருமுறை சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. அதைத் தினமும் பராமரிக்க வேண்டும். மூன்று வருட அனுபவம் உள்ளவராக உள்ளே போனவர், முதல் நாளிலிருந்தே தெரியாததைத் தெரிந்ததாகக் காட்ட வேண்டும். யாரிடமும் சந்தேகம் கேட்க முடியாது. கேட்டால் பொய் வெளிச்சத்துக்கு வந்துவிடும். கேட்காமல் கற்றுக்கொள்ளவும் முடியாது. வேலையில் முன்னேறுவதற்கு இருக்கிற ஒரே வழியைத் தன் கையாலேயே அடைத்துக்கொண்டு அவர் உள்ளே நுழைகிறார்.

இந்தப் பாடத்தை மிகப் பெரிய அளவில் பார்த்த நகரம் ஹைதராபாத். 1987இல் இங்கே தொடங்கிய சத்யம் கம்ப்யூட்டர்ஸ், நாட்டின் முன்னணி மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பல வருடங்களாக ஊதிக் காட்டப்பட்டவை என்று தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். தொகை 7,000 கோடி ரூபாய்க்கு மேல். சிறிதாகத் தொடங்கிய வித்தியாசம், அதை மறைக்க அடுத்த காலாண்டில் இன்னொரு பொய், அதை மறைக்க அதற்கடுத்த காலாண்டில் வேறொன்று என்று வளர்ந்துகொண்டே போனது. 2015 ஏப்ரலில் சிறப்பு நீதிமன்றம் ராஜுவுக்கும் மற்ற ஒன்பது பேருக்கும் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் அந்தக் கடிதம் வெளியானபோது துடித்தவர்கள் அங்கே நேர்மையாக உழைத்த பல்லாயிரம் பேர். நாளை சம்பளம் வருமா, நிறுவனம் இருக்குமா என்று தெரியாமல் காத்திருந்தார்கள். 2009 ஏப்ரலில் டெக் மஹிந்திரா சத்யத்தைக் கைக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது. மேலே இருப்பவரின் பொய் கீழே இருப்பவரின் சோற்றில் கைவைக்கிறது என்பதை அந்த வருடம் காட்டியது.

பொறுப்பில் இருப்பவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பது நம்மிடையே பழைய விதி. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற விதிகள் அவற்றில் உள்ளன. நிலம், வீடு, வேதக் கல்வி என்று அந்தக் காலத்துச் சமூகத்தின் வேலிகளும் அவற்றில் உண்டு. அந்த வேலிகளை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு விதியை மட்டும் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளலாம்: முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் பொறுப்புக்கு வர முடியாது. நம்பி ஒப்படைத்ததற்குக் கணக்குச் சொல்கிறவருக்கே அடுத்த பொறுப்பு என்பதை ஆயிரம் வருடங்களுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பொறுப்பு. பணியாளர் தேர்வு குறித்து உளவியல் அறிஞர்கள் நெடுங்காலமாக ஆய்வு செய்துவருகிறார்கள். முர்ரே பாரிக், மைக்கேல் மவுண்ட் என்ற இருவர் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனித ஆளுமையின் ஐந்து பெரிய கூறுகளில், அவர்கள் ஆராய்ந்த எல்லா வகைத் தொழில்களிலும் வேலைத் திறனோடு சீராகத் தொடர்புடையதாகத் தெரிந்தது ஒன்றுதான்: எடுத்த வேலையை ஒழுங்காக, சிரத்தையாக முடிக்கும் குணம். கலகலப்பாகப் பேசுவது விற்பனையில் உதவும், நிர்வாகத்தில் உதவும். சிரத்தையோ எங்கேயும் உதவும். நம் வீட்டுப் பெரியவர்கள் ‘அவன்கிட்ட ஒரு வேலையைச் சொன்னா மறுபடி போய்ப் பார்க்க வேண்டாம்’ என்று சிலரைப் பற்றிச் சொல்வார்கள் இல்லையா, அந்தக் குணம்தான்.

மென்பொருள் வேலையில் அது எப்படித் தெரியும்? இரவு ஷிஃப்ட்டில் இருவர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வங்கியின் பணப் பரிமாற்றம் பாதியில் நிற்கிறது. முதலாமவர் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார், வேலை நடக்கிறது, டிக்கெட்டை மூடிவிட்டுப் போகிறார். இரண்டாமவரும் ரீஸ்டார்ட்தான் செய்கிறார். ஆனால் நின்றுபோன நேரத்தில் சிக்கிய பரிமாற்றங்கள் இரண்டு முறை பதிவாகிவிட்டனவா என்று பார்க்கிறார். லாகை எடுத்து வைக்கிறார். காலையில் வருகிறவருக்கு, என்ன நடந்தது, எதைச் செய்தேன், எது இன்னும் புரியவில்லை என்று நாலு வரி எழுதி வைக்கிறார். இருவருக்கும் தெரிந்த தொழில்நுட்பம் ஒன்றே. சம்பளச் சீட்டிலும் ஒரே தொகைதான். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு முக்கியமான பொறுப்பு வரும்போது யார் பெயர் சொல்லப்படும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாலு வரியை எழுதச் சொல்லி எந்த நாற்பத்தைந்து நாள் கோர்ஸிலும் பாடம் இல்லை. அது பழக்கத்தில் வருவது. ஹாஸ்டல் அறையில் மெஸ் கணக்கை எழுதி வைப்பதிலிருந்துகூட அந்தப் பழக்கத்தைத் தொடங்கலாம்.

மூன்றாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தெளிவு. அமீர்பேட்டில் படிக்கும் முறையின் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன. குறைந்த செலவில், குறைந்த நாட்களில், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சொல்லித்தருகிறார். ‘ரன்னிங் நோட்ஸ்’ ஜெராக்ஸ் கடையில் கிடைக்கிறது. நேர்காணலில் கேட்கும் கேள்விகளும் விடைகளும் தனிக் கட்டாகவே கிடைக்கின்றன. பெரிய கல்லூரிகளில் படிக்க வாய்ப்பில்லாத எத்தனையோ குடும்பங்களை இந்த முறை கரையேற்றியிருக்கிறது. அதற்காக இந்த இடத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரே விடையை ஒரே வாக்கியத்தில் பத்துப் பேர் சொல்லும்போது, எதிரே இருப்பவருக்கு யாருக்கும் புரியவில்லை என்பது மட்டும் புரிந்துவிடுகிறது.

நல்ல நேர்காணல் செய்கிறவர் உங்களுக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டித்தான் கேள்வி கேட்பார். உங்களை மட்டம் தட்டுவது அவர் நோக்கம் இல்லை. எல்லைக்கு வந்ததும் என்ன செய்கிறீர்கள் என்று பார்க்கவே அப்படிக் கேட்கிறார். ‘இது எனக்குத் தெரியாது. ஆனால் இதற்குப் பக்கத்தில் இது தெரியும், அதை வைத்து இப்படி யோசிக்கிறேன்’ என்று சொல்கிறவரை நான் எடுத்திருக்கிறேன். சரளமாகப் புனைந்து பேசியவரை விட்டிருக்கிறேன். காரணம் எளிது. நாளை ஒரு வேலை பத்து நாளில் முடிய வேண்டும், இரண்டாம் நாளே சிக்கல் என்றால், முதலாமவர் இரண்டாம் நாள் வந்து சொல்வார். அப்போது திருத்த எட்டு நாள் கையில் இருக்கும். இரண்டாமவர் பத்தாம் நாள் மாலை சொல்வார். அரிய நூல்களைக் கற்று, குற்றமற்று விளங்குகிறவரிடத்திலும் ஆராய்ந்து பார்த்தால் அறியாமை கொஞ்சமும் இல்லாமலிருப்பது அரிது என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். தெரியாதது இருப்பதில் வெட்கம் இல்லை. அதை மறைப்பதில்தான் ஆபத்து.

கோடு எழுதிக்கொடுக்கும் ஏ.ஐ. வந்துவிட்ட பிறகு இந்தக் குணத்துக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது. கருவி எழுதிக் கொடுத்ததைச் சரியா என்று பார்த்துப் பொறுப்பேற்க மனிதர் வேண்டும். உலகப் பொருளாதார மன்றம் 2025 ஜனவரியில் வெளியிட்ட வேலைவாய்ப்பு அறிக்கை, 55 பொருளாதாரங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களிடம் கேட்டுத் தயாரிக்கப்பட்டது. அவற்றில் பத்துக்கு ஏழு நிறுவனங்கள் அவசியம் என்று சொன்னது பகுத்துச் சிந்திக்கும் திறனை. அடுத்த இடத்தில் வந்தவை, விழுந்தாலும் எழும் மன உறுதியும் மாற்றத்துக்கு வளைந்து கொடுப்பதும். எந்த நிரல் மொழியையும்விட மேலே இந்தக் குணங்கள் நிற்கின்றன. ஆன்லைன் நேர்காணலில் பக்கத்துத் திரையில் ஏ.ஐ. சொல்லும் விடையைப் பார்த்து வாசிக்கிறவர், நிறுவனம் தேடும் அந்தக் குணமே தன்னிடம் இல்லை என்று தானே காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

நான்காவது, அன்பு. அமீர்பேட்டுக்கு அடுத்த மெட்ரோ நிலையம் பேகம்பேட். அங்கே இருக்கும் ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலில் படித்தவர் சத்யா நாதெள்ளா. 1992இல் மைக்ரோசாஃப்டில் நேர்காணலுக்குப் போனபோது நடந்ததை, 2017இல் வெளியான தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். நாள் முழுக்கப் பொறியியல் கேள்விகள். கடைசியில் ரிச்சர்ட் டெய்ட் என்ற மேலாளர் வேறு மாதிரி ஒன்று கேட்டார்: தெருவில் ஒரு குழந்தை விழுந்து அழுகிறது, என்ன செய்வாய்? நாதெள்ளா, அவசர உதவி எண்ணுக்குப் போன் செய்வேன் என்றார். மேலாளர் அவரை வெளியே அழைத்துக்கொண்டு போய், அழுகிற குழந்தையை முதலில் தூக்க வேண்டும், உனக்குப் பிறர் துன்பத்தை உணரும் மனம் வேண்டும் என்ற கருத்தைச் சொல்லி அனுப்பினார். வேலை கிடைத்துவிட்டது. ஆனால் அந்தச் சொல்லின் பொருள் தனக்குப் பின்னாளில்தான், பெருமூளை வாதத்தோடு பிறந்த மகனை வளர்த்தபோதுதான், முழுதாக விளங்கியது என்கிறார் அவர். 2014இல் அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்தபிறகு, பிறரை உணரும் அந்த மனத்தையே நிறுவனத்தின் மையக் குணமாக்க முயன்றார்.

இதைக் கேட்டுவிட்டு, நேர்காணலில் இரக்கமுள்ளவராக நடிக்க வேண்டும் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். வேலையில் அன்பு என்பது மிகச் சாதாரணமான இடங்களில் வெளிப்படும். ரேஷன் கடையில் ஒரு பாட்டி கைரேகை வைக்கிறார். உழைத்துத் தேய்ந்த விரல், இயந்திரம் ஏற்கவில்லை. திரையில் ஒரு பிழை எண் மட்டும் வருகிறது. கடைக்காரருக்கும் புரியவில்லை, பாட்டிக்கும் புரியவில்லை, அரிசி இல்லாமல் திரும்பிப் போகிறார். அந்தத் திரையை எழுதியவர் அந்தப் பாட்டியை ஒரு நிமிடம் நினைத்திருந்தால், கைரேகை ஏற்காதபோது அடுத்து என்ன செய்யலாம் என்று தெலுங்கிலோ தமிழிலோ ஒரு வரி வந்திருக்கும். இப்படிப்பட்ட பாட்டிகள் இருக்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நீங்கள். அந்தப் பாட்டியை உங்களுக்குத் தெரியும். பெரிய கல்லூரியில் படித்தவருக்கு எளிதில் கிடைக்காத அறிவு அது. அதைக் குறையாக நினைத்து மறைக்காதீர்கள்.

இந்த இடத்தில் ஆளெடுக்கும் நண்பர்களிடம் நான் பேச வேண்டும். குணத்தைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, நாம் பல நேரங்களில் வேறொன்றைத் தேடுகிறோம். ஆங்கில உச்சரிப்பு, சட்டையின் மடிப்பு, கைகுலுக்கும் தோரணை, ‘அப்பா என்ன பண்றாரு?’ என்ற கேள்விக்கு வரும் பதில். பெண்ணாக இருந்தால் ‘கல்யாணம் எப்போ?’ என்ற கேள்வியும். இவை குணங்கள் இல்லை. ஒருவர் எந்த வீட்டில் பிறந்தார் என்பதன் அடையாளங்கள்.

2007இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும், தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே மாதிரியான கல்வித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். தகுதி ஒன்றே அளவுகோல் என்று சொன்ன அதே மேலாளர்கள், குடும்பப் பின்னணியை விசாரிப்போம் என்றும் சொன்னார்கள். இரண்டும் முரண் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. நாம் போற்றும் குறளிலும், தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் குடிப்பிறப்பு ஒரு தகுதியாக வருகிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் பிறப்பால் எல்லோரும் ஒப்பு, செய்தொழிலால்தான் வேறுபாடு என்று பெருமை அதிகாரத்தில் சொன்னவரும் அதே வள்ளுவர்தான். இரண்டில் எதைப் பிடித்துக்கொண்டு ஆளெடுக்க வேண்டும் என்பது நம் காலத்தின் பொறுப்பு.

பேச்சு தெளிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம். சொல்வது மற்றவருக்குப் புரிய வேண்டும். ஆனால் புரிவது வேறு, பளபளப்பது வேறு. எதைப் பார்த்து எடுத்தால் நல்லவர் கிடைப்பார் என்பதற்கு ஆய்வுகள் வழி காட்டியிருக்கின்றன. 1998இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். 2022இல் பால் சாக்கெட்டும் அவர் குழுவினரும் அந்தக் கணக்கை மறுபடி சரிபார்த்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே அளவுகோலில் மதிப்பெண் என்று ஒழுங்குபடுத்திய நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. உண்மையான வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்ப்பதும் நன்றாகவே கணிக்கிறது. எத்தனை வருட அனுபவம் என்பதோ, ஒருவர் எப்படி வேலை செய்வார் என்பதை மிகக் குறைவாகவே சொல்கிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். மிகக் குறைவாகக் கணிக்கும் அந்த ஒன்றை, ‘மூன்று வருட அனுபவம் கட்டாயம்’ என்று எல்லா விளம்பரங்களின் தலையிலும் நாம் போடுகிறோம். ஃப்ரெஷருக்குக் கதவைச் சாத்துகிறோம். சாத்திய கதவுக்கு வெளியேதான் போலி அனுபவம் விற்கிறவர் கடை போடுகிறார். வாங்குகிறவரைக் குற்றம் சொல்லும்போது, அந்தச் சரக்குக்குத் தேவையை உண்டாக்கிய கையையும் பார்க்க வேண்டும். அதே போல, நேர்மையை எதிர்பார்க்கிற நிறுவனம் தன் சொல்லைக் காக்க வேண்டும். 2023 பிப்ரவரியில், வருடம் 6.5 லட்சம் என்று சொல்லித் தேர்ந்தெடுத்த புதியவர்களிடம் விப்ரோ 3.5 லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது செய்தியானது. சந்தை இறங்கும்போது நிறுவனத்துக்கு நெருக்கடி வரும் என்பது புரிகிறது. அந்த ஆஃபர் லெட்டரை நம்பி வேறு வாய்ப்பை விட்ட பிள்ளைக்கும் ஒரு நெருக்கடி உண்டு என்பது நமக்கும் புரிய வேண்டும்.

இனி, நாளை காலை எழுந்ததும் என்ன செய்யலாம் என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு. உங்களிடம் குணம் இருக்கிறது என்று சொல்லாதீர்கள், சான்றைக் காட்டுங்கள். ரெஸ்யூமில் ‘ஹார்டு வொர்க்கர், டீம் பிளேயர்’ என்று எழுதுவதை யாரும் படிப்பதில்லை. அப்பாவின் மளிகைக் கடையில் மூன்று வருடம் கொள்முதல் கணக்கு எழுதினேன் என்று எழுதுங்கள். அது பொறுப்பு. தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்தேன் என்று எழுதுங்கள். அது கடினமானதை எளிதாக விளக்கும் திறன். பயிற்சி நிலையத்தில் எல்லோரும் செய்யும் அதே ‘லைப்ரரி மேனேஜ்மென்ட்’ புராஜெக்டுக்குப் பதிலாக, உண்மையில் ஒருவராவது பயன்படுத்தும் ஒன்றைச் செய்யுங்கள். ஹாஸ்டல் மெஸ் கணக்குக்கு ஒரு செயலி போதும். அதை நான்கு பேர் பயன்படுத்தி, குறை சொல்லி, நீங்கள் திருத்தியிருந்தால் நேர்காணலில் அரை மணி நேரம் பேச உங்களிடம் உண்மையான விஷயம் இருக்கும்.

படிப்புக்கும் இன்றைக்கும் இடையே வருடங்கள் விழுந்திருந்தால், அதை இரண்டு வாக்கியத்தில் உள்ளபடி சொல்லுங்கள். ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஊரில் இருந்தேன். சென்ற வருடத்திலிருந்து இங்கே இதைப் படித்து இதைச் செய்திருக்கிறேன்.’ போதும். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், கதையும் வேண்டாம். பெரிய நிறுவனம்தான் என்று காத்திருக்காமல், சிறிய நிறுவனத்தில் சப்போர்ட் வேலையோ டெஸ்டிங் வேலையோ கிடைத்தால் சேருங்கள். ஆறு மாத உண்மை அனுபவம் மூன்று வருடப் பொய்யைவிட உங்களை நெடுந்தூரம் கொண்டுபோகும். முன்பணம் கட்டினால் வேலை என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். இங்கே பணத்தையும் காலத்தையும் தொலைத்தவர்கள் அப்படித்தான் தொலைத்தார்கள்.

ஆளெடுக்கும் நண்பர்களிடம் மூன்று வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் சில இடங்களையாவது அனுபவம் கேட்காமல், வேலையைச் செய்துகாட்டச் சொல்லி நிரப்புங்கள். தேர்வாகாதவருக்கு ஏன் தேர்வாகவில்லை என்று ஒரு வரி பதில் அனுப்புங்கள். ஹாஸ்டல் அறையில் போனைப் பார்த்தபடி வாரக்கணக்கில் காத்திருப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய மரியாதை. தகப்பனாரின் தொழிலைக் கேட்கும் கேள்வியை உங்கள் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களிடம் ஒன்றே ஒன்று. இன்னும் ஏழெட்டு வருடத்தில் உங்களில் பலர் மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆளெடுப்பீர்கள். அன்று உங்கள் எதிரே ஒரு பிள்ளை, கடன் வாங்கிய சட்டையோடும் திக்கும் ஆங்கிலத்தோடும் வந்து உட்காருவார். இன்று உங்களை எதைப் பார்த்து மதிப்பிட வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்களோ, அதை மட்டும் பார்த்து அவரை மதிப்பிடுங்கள். அவர் தகுதியானவர் என்றால் முதல் வாய்ப்பை நீங்கள் கொடுங்கள். அப்படி ஒரு தலைமுறை செய்துவிட்டால், அமீர்பேட்டில் பொய் அனுபவம் வாங்க ஆள் இருக்காது.